கரும்புகை கக்கும் டீசல் இயந்திரம்: காற்று வழியில் கோளாறு காண்பது எப்படி?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. கிணற்று நீரை இறைத்தே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்கிறோம். எனவே இறைப்பு இயந்திரமோ லாண்ட்மாஸ்ரரோ நின்றுபோனால் தோட்டமும் நின்றுபோகும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, தம் இயந்திரங்களைக் கொட்டிலில் விட்டுச் சென்றன. சில குடும்பங்கள் அவற்றை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தன. நெடுங்காலம் கிடந்த இயந்திரத்தையும், புழுதியில் ஓடிக் களைத்த இயந்திரத்தையும் மீண்டும் வேலைக்கு எடுக்கும்போது முதலில் பார்க்கவேண்டியது அதன் மூச்சு வழியையே. இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை.

காற்று ஏன் முக்கியம்?

ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிவதற்குச் சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். அளவில் சொன்னால், ஒரு லீற்றர் டீசலுக்கு 10,000 லீற்றருக்கு மேற்பட்ட காற்று. அது குறைந்தால் எரியாத கரி புகையாக வெளியேறும். கறுப்பாகப் போகும் அந்தப் புகை நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல்தான். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு லீற்றரின் பெறுமதியை நாம் சொல்லத் தேவையில்லை.

மண்ணெண்ணெய் இயந்திரத்துடன் பழகியவர்கள் இங்கு ஒரு வேறுபாட்டை அறியவேண்டும். பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் இயந்திரத்தில் காபரேற்றர் உண்டு. அதிலுள்ள தகடு காற்றைக் கூட்டிக் குறைக்கும். பெரும்பாலான சிறு டீசல் இயந்திரங்களில் அப்படி எதுவும் இல்லை. இயலுமான அளவு காற்றை அது எப்போதும் உறிஞ்சும். நீங்கள் அசைக்கும் பிடி டீசலின் அளவையே மாற்றுகிறது. ஆகவே வேகத்தைக் குறைக்க எண்ணிக் காற்று வாயை மூடுவது தவறு.

புகையின் நிறம் சொல்வது

கரும்புகை: டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை; அல்லது சுமை அதிகம்; அல்லது இன்ஜெக்டர் பழுது.
நீலப்புகை: இயந்திர எண்ணெய் எரிகிறது.
வெண்புகை: டீசல் எரியாமல் ஆவியாகப் போகிறது. குளிர்ந்த இயந்திரத்தில் சிறிது நேரம் வரலாம். நீடித்தால் அமுக்கம் குறைவு, டீசல் பாயும் நேரம் பிழை, அல்லது உள்ளே நீர் கசிவு.

ஒழுங்காகச் சோதிக்கும் முறை

கைவிடப்பட்ட காணியில் கிடந்த இயந்திரமானால், அவ்விடம் கண்ணிவெடி அகற்றப்பட்டது என்பதை உறுதிசெய்த பின்னரே அணுகுங்கள்.

1. இயந்திரத்தை நிறுத்தி, காற்று வாயிலிருந்து தொடங்குங்கள். குளவிக்கூடு, எலிக்கூடு, சருகு, பொலித்தீன் இருக்கின்றனவா எனப் பாருங்கள். இவற்றை அகற்றாமல் ஸ்ராட் செய்யவேண்டாம். துண்டுகள் உள்ளே இழுபடும்.

2. எண்ணெய்த் தொட்டியுள்ள வடிகட்டியானால் தொட்டியைக் கழற்றுங்கள். அடியில் செம்மண் சேறு படிந்திருந்தால் எண்ணெயை ஊற்றிவிட்டு, தொட்டியையும் கம்பி வலையையும் மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிடுங்கள். பெற்றோலில் கழுவவேண்டாம், தீப்பற்றும். புதிய எண்ணெயைக் குறித்த அடையாளம் வரை மட்டும் விடுங்கள். குறைந்தால் தூசு தப்பிச் செல்லும். கூடினால் எண்ணெய் உறிஞ்சப்பட்டு நீலப்புகை வரும்.

3. கடதாசி வடிகட்டியானால் மெல்லத் தட்டி, உட்புறமிருந்து வெளிப்புறமாகக் காற்றடியுங்கள். உள்ளே ரோச் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். ஊசித் துளையளவு வெளிச்சம் தெரிந்தாலும் அதை மாற்றவேண்டும்.

4. இறப்பர்க் குழாயை இயந்திரம் வேகமாக ஓடும்போது கவனியுங்கள். பழைய குழாய் உட்புறம் ஒட்டிச் சுருங்கிக் காற்றை மறிக்கும். நிறுத்தியதும் பழைய நிலைக்கு வந்துவிடும்.

5. புழுதியில்லாத இடத்தில், வடிகட்டியின் உள்ளீட்டை மட்டும் கழற்றி, சுமையுடன் ஓரிரு நிமிடம் ஓட்டுங்கள். புகை தெளிந்தால் குறை வடிகட்டியில். தெளியாவிட்டால் அடுத்ததைப் பாருங்கள். பார்த்தவுடன் வடிகட்டியைத் திரும்பப் பூட்டுங்கள்.

6. சைலென்சரைப் பாருங்கள். உள்ளே கரி அடைத்தால் பழைய புகை வெளியேறாது. புதிய காற்றும் வராது. இயந்திரம் ஆறிய பின் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

7. இவற்றின் பின்னும் புகைந்தால் வால்வு இடைவெளியையும் இன்ஜெக்டரையும் திருத்துநரிடம் காட்டுங்கள்.

புகை காட்டாத கோளாறு

இதுவே மிக ஆபத்தானது. வடிகட்டிக்கும் இயந்திரத்துக்கும் இடையில் குழாய் வெடித்திருந்தால் அல்லது கிளிப் தளர்ந்திருந்தால் காற்று தாராளமாகப் போகும். இயந்திரம் நன்றாக ஓடுவதுபோல் தெரியும். ஆனால் அத்துடன் தூசும் போகிறது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் புழுதி பறப்பதை அறிவீர்கள். அது எண்ணெயுடன் கலந்து அரம்போல் சிலிண்டரையும் றிங்கையும் தேய்க்கும். பின்னர் அமுக்கம் குறையும், ஸ்ராட் செய்வது கடினமாகும், எண்ணெய் குறையும்.

இதற்குச் சோதனை எளிது. வடிகட்டிக்கு அப்பாலுள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் செம்மண் ஒட்டினால் எங்கோ கசிவு உண்டு. காற்றுக் குறைவு டீசலைத் தின்னும். தூசு இயந்திரத்தையே தின்னும்.

காற்றுத் தகடுள்ள இயந்திரங்கள்

பழைய ஃபோட்சன் மேஜர் உழவு இயந்திரம் போன்ற சிலவற்றில் காற்றுக் குழாயில் ஒரு தகடு உண்டு. அங்கு உண்டாகும் உறிஞ்சல், சிறு குழாய் வழியாக டீசல் பம்பிலுள்ள சவ்வை இழுத்து, டீசலைக் குறைக்கிறது. சிறுகுழாய் கசிந்தாலோ சவ்வு கிழிந்தாலோ உறிஞ்சல் குறைந்து, டீசல் கூடிவிடும். பிடியைக் குறைத்தாலும் வேகம் குறையாது. இப்படியான இயந்திரத்தை ஓட்டாமல் முதலில் சிறுகுழாயின் இரு முனைகளையும், பின்னர் சவ்வையும் பார்க்கவேண்டும்.

புதிய வாகனங்களில் காற்றை அளக்கும் மின் உணரி உண்டு. அதன் வயரும் பிளக்கும் இறுக்கமாக உள்ளனவா என்று மட்டும் பாருங்கள்; மற்றதைக் கணினிக் கருவியுள்ள கராஜில் பார்ப்பதே நன்று.

கட்டுக்கடங்காமல் ஓடினால்

வேகம் தானாக ஏறிக்கொண்டே போனால் உடனே டீசலை நிறுத்துங்கள். எண்ணெய் எரிந்து ஓடும் இயந்திரம் அதனால் நிற்காது. தட்டையான பலகையால் காற்று வாயை அழுத்தி மூடவேண்டும். ஒருபோதும் உள்ளங்கையால் மூடவேண்டாம். பிள்ளைகளை அருகில் விடவேண்டாம்.

புழுதிக் காலத்தில் வேலை முடிந்த ஒவ்வொரு மாலையும் வடிகட்டியைத் திறந்து பாருங்கள். வீட்டிலுள்ள பெண்களும் இளையோரும் இதைப் பழகிக்கொள்ளட்டும். சிலிண்டரை மாற்றும் செலவுடன் ஒப்பிட்டால் ஒரு போத்தல் எண்ணெயும் ஒரு துண்டு வெள்ளைத் துணியும் பெரிய செலவல்ல.