எழுதும் பழக்கமும் எழுதத் துணிதலும்

கற்றோர் பலராயிருந்தும் எழுதுவோர் சிலராயிருத்தல் எந்நாட்டிலும் காணப்படும் ஒரு குறையாகும். ஒரு பொருளைப் பேச்சிலே நுட்பமாக விரித்துரைக்க வல்லாரும், அதனை எழுதித் தருமாறு கேட்கப்படின், ஓய்வில்லை என்பர். ஓய்வு வாய்த்தபின், இன்னும் நிரம்பக் கற்றல் வேண்டும் என்பர். முன்னது பழக்கக் குறைவு. பின்னது துணிவுக் குறைவு. எழுதிப் பழகாதவனுக்குத் துணிவு வாராது. துணிவில்லாதவன் எழுதப் புகான். இவ்வட்டத்தை எவ்விடத்திலே அறுப்பது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, புகையிரதப் பாதையை அடுத்து அமைந்த வேளாண்மை ஊர் கிரான். அவ்வூரையும் வாவிக்கரையூர்கள் பலவற்றையும் உள்ளிட்ட மட்டக்களப்பு நாட்டிலே வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்தும் வழிவழி பயின்று வந்துள்ளன. கூத்தாடுவோருட் பெரும்பாலார் வயலிலும் வாவியிலும் உழைப்போர். அண்ணாவியார் முதலில் அவரவர்க்குரிய பாட்டையும் வசனத்தையும் வகுத்தளிப்பார். இது சட்டம் கொடுத்தல் எனப்படும். பகலெல்லாம் உழைத்தவர்கள் இரவிலே கூடி, மாதக்கணக்கில் ஆட்டமும் பாட்டும் பழகுவர். பழக்கம் முதிர்ந்தபின் சதங்கை அணிதல். அதன் பின்னரே களரியில் அரங்கேற்றம். முதல் இரவிலேயே அரங்கேறுவேன் என்று சொல்வாரும் இல்லை. அரங்கேற அஞ்சிப் பழகாது விடுவாரும் இல்லை. தாளக்கட்டு காலிலே படியப் படிய, அச்சம் தானே அகலும்.

இம்முறையிலே எழுதப் புகுவோன் கொள்ளத்தக்கன நான்கு உள. ஒருவனுக்குக் கொடுக்கப்படுவது முழுக்கூத்தன்று, அவனாற் சுமக்கத்தக்க ஒரு பகுதியே. பழகுங் காலம் மனம்போனவாறு அமைவதன்று, வரையறுக்கப்பட்டது. பிழையைத் திருத்துவதற்கு அண்ணாவியார் அருகே இருக்கின்றார். அரங்கேறும் நாளும் குறிக்கப்பட்டிருக்கின்றது. இந்நான்கும் அமைந்தவிடத்துத் துணிவு தேடப்படாமலே வந்து சேரும். துணிவு பழக்கத்துக்கு முன் நிற்பதன்று. அதன் பின்னே வருவது. ஆகவே, வட்டத்தை அறுக்க வேண்டுமிடம் பழக்கமே.

இனி, நிரம்பக் கற்றபின் எழுதலாம் என்பாருக்கு நன்னூல் விடை கூறுகின்றது. ஆசிரியரிடத்துக் கேட்டலால் நிரம்புவது கல்வியிற் காற்பங்கே என்றும், உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு நிரம்பும் என்றும், எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைத்தலாலேயே நிரம்பும் என்றும் பவணந்தி முனிவர் கணக்கிட்டுக் காட்டினார். எழுதுதலும் எடுத்துரைத்தலே. அங்ஙனமாயின், முழுதும் கற்றபின் எழுதுவேன் என்று காத்திருப்போன் அரைக்கல்வியோடு நின்றுவிடுகின்றான். எழுதத் தொடங்கியபின்னரே தான் அறியாதது யாது என்பதும் அவனுக்குப் புலனாகும்.

ஓய்வில்லை என்பாருக்கு விடையாக மட்டக்களப்பு நாடு தந்த விபுலானந்த அடிகளின் வாழ்வு விளங்குகின்றது. 1892ஆம் ஆண்டு காரைதீவிலே பிறந்த அடிகள், 1916இல் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதராகவும், 1920இல் இலண்டன் அறிவியற் பட்டதாரியாகவும் தேறினார். பின்னர் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபரானார். 1922இல் இராமகிருஷ்ண சங்கத்தைச் சேர்ந்து, சென்னையிலே அதன் பத்திரிகைகளின் ஆசிரியப் பணியை ஏற்றார். திங்கள்தோறும் இதழ் வெளிவருதல் வேண்டும். ஊக்கம் வரும்வரை காத்திருக்க அதில் இடமில்லை. கடமையாகிய அவ்வெழுத்து, பழக்கமும் ஆயிற்று. 1926இல் மதங்க சூளாமணி நூலாயிற்று. 1929இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய கையும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்து கற்பித்த நாவும், இமயச் சாரலிலுள்ள மாயாவதியிலே பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழை நடத்திய பேனாவும் ஒருவருடையனவே.

இத்தனை பணிகளுக்கும் இடையே, பழந்தமிழர் இசையைக் கணித முறையால் ஆராயும் யாழ்நூல் பல்லாண்டாகச் சிறிது சிறிதாக வளர்ந்தது. அது 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம், கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் ஆதரவிலே, திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அவ்வாண்டு ஜூலை 19ஆந் தேதி அடிகள் மறைந்தார். ஓய்வுக்காலத்தில் எழுதுவோம் என்று அவர் தள்ளிவைத்திருப்பாராயின், அந்த ஓய்வுக்காலம் வந்திராது. யாழ்நூலும் தமிழுக்குக் கிடைத்திராது.

முதுமை தடை என்பாரும் உளர். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர், 1855இற் பிறந்தவர், தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் 1940ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கினார். வாரம் ஓர் அதிகாரமாக, 1942இல் அவர் மறையுங்காறும், 122 அதிகாரங்கள் அமைந்தன. வரலாறு முற்றுப்பெறவில்லை. ஆயினும், முற்றுப்பெறாத அந்நூலே தமிழ் உரைநடையின் பெருஞ்செல்வங்களுள் ஒன்றாய் நிலைத்துவிட்டது. முழுநூலையும் ஒருங்கே எண்ணியிருந்தால் அம்முதுமையில் மலைப்பே மிஞ்சியிருக்கும். அவ்வாரத்துக்குரிய அதிகாரத்தை எண்ணியமையால் நூல் வளர்ந்தது.

நம் எழுத்தை அறிஞர் நகைப்பரோ என்னும் அச்சம் இழிவன்று. அது பெரும்புலவர்க்கும் இருந்தது. பாற்கடலை நக்கிப் பருகப் புகுந்த பூனைக்குத் தம்மை ஒப்பிட்டார் கம்பர். ஆனால், அவ்வாறு கூறியபின் எழுத்தாணியைக் கீழே வைத்தாரல்லர். பதினாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைப் பாடி முடித்தார். அவையடக்கம் நூலின் தொடக்கத்திலே வைக்கப்படுவது. அச்சத்தை ஒருமுறை வெளிப்படச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குக என்பதே அம்மரபு உணர்த்தும் பாடம்.

இவற்றை மாணாக்கர் நாள்வாழ்விற் கைக்கொள்ளும் நெறி எளிது. நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே இடத்தில் அமர்தல் வேண்டும். அரைமணி நேரம் போதும். நாளொன்றுக்கு அரைப்பக்கம் எழுதுவோன் ஓராண்டில் 180 பக்கங்களுக்குக் குறையாது எழுதியிருப்பான். ஒரே விடுமுறையில் அத்தனையும் எழுதக் கருதுவோன் பெரும்பாலும் முதற்பக்கத்தையே கிழித்துக் கொண்டிருப்பான். எழுதுதலும் திருத்துதலும் வெவ்வேறு தொழில்கள். விதைக்கும் நாளிலேயே களைபிடுங்கப் புகும் உழவன் இல்லை. எழுதியதை உண்மையுரைக்கும் ஒருவரிடம் காட்டுதலும், தொடங்கியதைக் குறையுடையதாயினும் முடித்தலும் இன்றியமையாதன. முடித்த சிறு கட்டுரை ஒன்று தரும் உறுதியை முடியாத பெருநூல் பத்தும் தாரா.

பொருள் யாது எனின், அருகே உள்ளதே முதற்பொருள். கிரானிலே பிறந்த மாணவன் ஒருவன், தன் பாட்டனார் விதைத்த நெல்வகைகளின் பெயர்களையும், சூடடிக்கும் களத்திலே வழங்கிய சொற்களையும், மாரிவெள்ளத்தை அவர் முன்னறிந்த குறிகளையும் எழுதுவானாயின், அவனினும் அதனை நன்கறிந்தார் நூலகத்தில் இரார். தான் அறிந்ததை எழுதுவோனுக்கு அச்சத்திற் பெரும்பகுதி தொடக்கத்திலேயே நீங்கிவிடும்.

இவ்வெழுத்தாற் பயனென்ன என்று ஐயுறல் வேண்டா. தி. சதாசிவ ஐயர் 1940இல் மட்டக்களப்பு வசந்தன் பாடல்களைத் திரட்டி வெளியிட்டார், எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார், வி. சீ. கந்தையா 1964இல் மட்டக்களப்புத் தமிழகத்தை எழுதினார். அதன்பின் 1978இற் சூறாவளியும், 2009 வரை நீண்ட போரும், 2004இற் கடற்கோளும் அந்நாட்டைத் தாக்கின. வீட்டை இழந்தோர் அங்கிருந்த ஏடுகளையும் இழந்தனர். மூத்தோர் மறைவோடு அவர் நினைவிலிருந்தவையும் மறைந்தன. அச்சேறியவை எஞ்சின. அவற்றை எழுதியோரும் தொகுத்தோரும் ஒரு நாள் அரைப்பக்கத்திலிருந்தே தொடங்கினர். அந்த அரைப்பக்கத்தை இன்று எழுதுவோன், தன்னை எழுத்தாளனாக ஆக்கிக்கொள்வதோடு, தன் ஊருக்கும் ஒரு நினைவைத் தந்தவனாவான் என்பது திண்ணம்.