கடைசிப் பெட்டியில் இருப்பவர்

புது தில்லியிலிருந்து சென்னை செல்லும் தமிழ்நாடு விரைவுவண்டி புறப்படும்பொழுது, பயணிகளின் கண்கள் இயந்திரம் இருக்கும் திசையையே நோக்கும். மறுமுனையில் பச்சைக்கொடியுடன் நிற்பவரைக் காண்போர் சிலரே. அவர்தாம் கார்டு. 2022ஆம் ஆண்டில் இந்திய இரயில்வே அப்பதவியின் பெயரை 'டிரெயின் மேனேஜர்' என மாற்றியது. மக்கள் வழக்கில் அவர் இன்றும் கார்டுதான். ஓட்டுநர் முன்னுள்ள பாதையை நோக்குகிறார். கார்டு வண்டியின் பின்புறத்தைக் காக்கிறார்.

நடுவழியில் நின்றுவிட்ட வண்டிக்குப் பின்புறத்திலிருந்தே பேராபத்து வரும். 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் அதிகாலையில், உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத் அருகே காளிந்தி விரைவுவண்டி ஒரு விலங்கின்மீது மோதி நின்றது. அது கடந்து சென்றுவிட்டதாகத் தவறாகக் கருதி, அதே பாதையில் புருஷோத்தம் விரைவுவண்டிக்கு வழிவிட்டனர். அம்மோதலில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இத்தகைய நிலைக்கென்றே ஒரு விதி உண்டு. அகலப்பாதையில் வண்டி நின்று, மேலே செல்ல இயலாவிடின், கார்டு சிவப்புக்கொடியோ, இரவாயின் சிவப்பு விளக்கோ ஏந்திப் பின்னோக்கி நடக்க வேண்டும். 600 மீட்டர் தொலைவில் தண்டவாளத்தின்மேல் ஓர் எச்சரிக்கை வெடியையும், 1200 மீட்டர் தொலைவில் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடிகளையும் வைக்க வேண்டும். பின்வரும் வண்டியின் சக்கரம் ஏறியதும் அவை உரக்க வெடிக்கும். ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். எளிய ஏற்பாடுதான். ஆனால், 1200 மீட்டர் நடக்கப் பத்து நிமிடங்களுக்கு மேலாகும். அதற்குள் அடுத்த வண்டி வந்துவிட்டால் என் செய்வது?

மனிதரை மட்டுமே நம்புவது போதாது என்பதை உலகம் கடுந்துயரின் வழியே கற்றது. 1889ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், அயர்லாந்தின் ஆர்மா நகரிலிருந்து ஞாயிறு பள்ளிச் சிறுவர் சிறுமியர் கடற்கரைக்குச் சுற்றுலா சென்றனர். ஏற்றத்தில் வண்டி நின்றுபோயிற்று. பாதிப் பெட்டிகளை முதலில் இழுத்துச் செல்லலாம் என்று எண்ணி வண்டியைப் பிரித்தனர். பிரித்தவுடன் பின்பெட்டிகளில் பிரேக் செயலிழந்தது. கார்டின் கைப்பிரேக்கும், சக்கரங்களுக்கு அடியில் வைத்த கற்களும் மட்டுமே எஞ்சின. பெட்டிகள் சரிவில் உருண்டோடி, பின்னால் வந்த வண்டியின்மீது மோதின. ஏறத்தாழ எண்பது பேர் இறந்தனர்; அவர்களுள் பலர் குழந்தைகள். இணைப்பு அறுந்தால் தானாகவே இயங்கும் பிரேக்கைப் பயணிகள் வண்டிகளில் கட்டாயமாக்கும் சட்டம் அவ்வாண்டிலேயே பிறந்தது. இன்று நம் வண்டிகளிலும் குழாயில் உள்ள காற்றழுத்தம் குறைந்தவுடன் எல்லாப் பெட்டிகளின் பிரேக்குகளும் தாமே பற்றிக்கொள்கின்றன.

இவ்வாறு கார்டின் வேலை ஒவ்வொன்றாகக் கருவிகளுக்குச் செல்லுமாயின், அவர் எதற்கு? தில்லி மெட்ரோவில் தொடக்கம் முதலே கார்டு இல்லை. 2020 டிசம்பர் 28 முதல் அதன் மெஜந்தா தடத்தில் ஓட்டுநர் இல்லாத வண்டிகளும் ஓடுகின்றன. அங்கே அவருடைய வேலை மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. நடைமேடையின் விளிம்பில் தடுப்புக் கதவுகள் இருக்கின்றன. கட்டுப்பாட்டு அறையில் இருப்போர் வண்டிகளைக் கண்காணிக்கின்றனர். பாதையிலோ மாடும் மனிதரும் நுழைய வழியில்லை.

மும்பைப் புறநகர் வண்டிகளின் நிலை வேறு. பெரும்பாலானவற்றில் கதவுகள் திறந்தே இருக்கும். கூட்டம் வாயிலில் தொங்கும். கார்டு நடைமேடையைப் பார்த்து இருமுறை மணியடித்த பின்னரே ஓட்டுநர் வண்டியை நகர்த்துகிறார். அந்தப் பார்வையை நீக்குவதற்குமுன் கதவுகளை மூடியாக வேண்டும்.

வயல்களின் நடுவே ஓடும் தொலைதூர வண்டிக்கோ வேலியே இல்லாத இடங்கள் பல. சிறு நிலையங்களில் அது நில்லாமல் விரையும்போது, நிலைய ஊழியர் ஒருவர் கொடியுடன் வெளியே வந்து நிற்பதைச் சன்னலோரம் அமர்ந்திருப்போர் காணலாம். அவர் பார்ப்பது கடைசிப் பெட்டியின் முதுகில் உள்ள பெருக்கல் குறியை. அது வந்தால் வண்டி முழுமையாக வந்தது என்று பொருள். வராவிடின், பெட்டிகள் சில வழியில் நிற்கின்றன என்று பொருள். அவர் பச்சைக்கொடி காட்டுவார். கடைசிப் பெட்டியிலிருந்து மற்றொரு பச்சைக்கொடி அதற்கு விடைகூறும்.