வகுப்புச் சித்தியும் தரப்புள்ளிச் சராசரியும்

1921இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பயின்றோர் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்கே தோற்றினர். 1942இலே இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட பின்னும், முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, சாதாரண சித்தி என்னும் ஆங்கில நாட்டுப் பாகுபாடு நம்மிடையே நிலைத்தது. இன்றோ, இறக்கக்கண்டிக்குத் தெற்கே கோணேசபுரியில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திலே பட்டம் பெறும் பிள்ளையின் பெறுபேற்றுப் பத்திரத்தில், வகுப்புடன் 3.42 போன்றதோர் எண்ணும் காணப்படும். ‘நூற்றுக்கு எத்தனை?’ என வினவும் பெற்றோர்க்கு அவ்வெண் மயக்கந் தருவது இயல்பே. அது நான்குக்குக் கணிக்கப்பட்ட சராசரியாகும்.

ஏ தரத்துக்கு 4.00, ஏ சயவுக்கு 3.70, பி சகவுக்கு 3.30, பி தரத்துக்கு 3.00, சி தரத்துக்கு 2.00 எனப் புள்ளிகள் உள. இவற்றை வாளா கூட்டிப் பாடத்தொகையால் வகுத்தல் பிழை. மூன்று கிரெடிட் பாடத்தில் ஏ, இரண்டு கிரெடிட் பாடத்தில் பி, ஒரு கிரெடிட் பாடத்தில் சி பெற்றவனுக்கு 12, 6, 2 ஆக 20. அதனை ஆறால் வகுக்க 3.33. வாளா வகுத்திருப்பின் 3.00 எனக் கண்டு வீணே மனம் நொந்திருப்பான்.

பொதுவாக 3.70 முதலாம் வகுப்பு, 3.30 மேற்பிரிவு, 3.00 கீழ்ப்பிரிவு. இவ்வெல்லைகள் முறையே ஏ சய, பி சக, பி ஆகியவற்றின் புள்ளிகளே என்பதை நோக்குக. முதலாம் வகுப்பை நாடுவோன் ஒரு பாடத்திற் பி பெறின், அக்குறையை நிரப்ப அதே கிரெடிட் உடைய இரண்டு ஏக்கள் போதா, மூன்று வேண்டும். மீளத் தோற்றிய பாடத்துக்குச் சி தரத்துக்கு மேல் வழங்காமையே பெருவழக்கு ஆதலின், முதன்முறை தவறுதல் பெருநட்டம். குறித்த காலத்துள் பட்டப்படிப்பை முடித்தல் போன்ற நிபந்தனைகளும் வகுப்புக்கு உண்டு.

பிறநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே இடர் மிகும். 3.70ஐ நூற்றுவீதமாக்கி 92.5 என எழுதுவார் உளர். ஏ சய தரம் 65 புள்ளியிலேயே தொடங்கும் பீடங்கள் நம் நாட்டில் உள்ளமையின், அது பொய்யுரையாகவே கொள்ளப்படும். மறுதலையாக, ஆங்கில நாட்டில் 70 புள்ளி முதலாம் வகுப்பு. அமெரிக்கர் கண்ணுக்கோ அது சி தரம். ஆகையால் வகுப்பையும் சராசரியையும் உள்ளவாறே எழுதி, தர அளவை அச்சிட்ட பெறுபேற்றுப் பத்திரத்தை இணைத்தல் வேண்டும். மாற்றிக் கணிக்கும் பணியை அப்பல்கலைக்கழகத்தாரிடமோ, அதற்கென அமைந்த மதிப்பீட்டு நிறுவனத்திடமோ விட்டுவிடுக. 3.69ஐ 3.7 எனத் திருத்தி எழுதுதலும் ஆகாது, அது மேற்பிரிவே.