வழிப்பயணமும் வெளிச்சமையலும்

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள், தங்கள் உணவுப் பொருள்களை மூட்டையாகக் கட்டிச் சுமந்து, மரநிழல்களிலே சமைத்துண்டு செல்வது நெடுங்கால வழக்கம். இன்று மோட்டார்ச் சைக்கிளில் ஊர் காண வருவோர் ஆனையிறவு வழியாகவும், 2011ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தின் வழியாகவும் யாழ்ப்பாணக் குடாநாட்டினுள் நுழைகின்றனர். வாகனம் மாறியதேயன்றி வினா மாறவில்லை. எதனைச் சுமப்பது, எதனை விடுப்பது என்பதே அவ்வினா.

குடாநாட்டைப் பொறுத்தவரையில் அதற்கு விடை கூறுவது நீரேயாகும். இங்கே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரிமழை சுண்ணக்கற் பாறையினூடே இறங்கி, உவர்நீருக்கு மேலே நன்னீராகத் தங்குகின்றது. கிணற்றிலிருந்து அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலெழும். தோட்டங்களுக்கு இடும் உரத்தின் நைத்திரேற்றும் பல கிணறுகளிற் கலந்துள்ளது. நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் அழியும். ஆனால் உப்பும் நைத்திரேற்றும் நீங்கா. நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடவே செய்யும். புட்டிப்பால் அருந்தும் குழந்தைகளுக்கு நைத்திரேற்று மிகுந்த நீர் பெருந்தீங்கு விளைப்பது. ஆகவே குடிப்பதற்குரிய நன்னீரை உடன் கொண்டு செல்லுதலே முறை. ஒரு லீற்றர் நீரின் நிறை ஒரு கிலோகிராம். அதனை வண்டியின் நடுப்பகுதியை ஒட்டித் தாழ்வாகக் கட்டினால் வண்டி தளம்பாது.

நீரைச் சுமக்கவேண்டியிருப்பதால் ஏனைய பொருள்கள் பாரமற்றவையாதல் வேண்டும். பித்தளைப் பாத்திரத்தினும் அதே பருமனுள்ள அலுமினியப் பாத்திரம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு நிறையே உடையது. அதனிலும் இலேசான ஒரு கருவி யாழ்ப்பாணத்து அடுக்களையிலேயே உண்டு. பனையோலையாற் கூம்பு வடிவாக இழைக்கப்பட்ட நீற்றுப்பெட்டியே அது. பானையின் வாயில் அதனை வைத்துப் புட்டு அவிக்கலாம். இங்கு கருதத்தக்கதொரு நுட்பமுண்டு. நீர் ஆவியாகும்போது உப்பும் நைத்திரேற்றும் பானையிலேயே தங்கிவிடும். ஆவியே மாவைச் சேரும். எனவே மாவைக் குழைப்பதற்கு மாத்திரம் நன்னீர் வேண்டும். பானையில் உவர்நீர் இருப்பினும் குற்றமில்லை. சோறாக்கினாலோ அரிசி அந்நீரையே உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் மணம் வீசும் நீர் மட்டும் ஆவிக்கும் ஆகாது.

வறுத்த அரிசிமா, குரக்கன்மா, ஒரு பாதித் தேங்காய் ஆகியன இருவர்க்கு ஒருவேளை உணவாகும். அடுப்பு மூட்ட இயலாத வேளையில் புழுக்கொடியலும் பனாட்டும் பசி தீர்க்கும். முன்னது அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு. பின்னது வெயிலில் உலர்த்திய பனம்பழக் களி. இரண்டும் நெடுநாள் கெடாதவை.

அடுப்புகளில் மண்ணெண்ணெய் அடுப்பு பலருக்கும் பழக்கமானது. சுவீடன் நாட்டு லிண்ட்குவிஸ்ட் 1892இல் அமைத்த பிறைமஸ் அடுப்பில், பம்பினால் உண்டாகும் காற்றமுக்கம் எண்ணெயை மேலேற்றுகின்றது. சூடேறிய குழாயில் எண்ணெய் ஆவியாகி நீலச்சுவாலையுடன் எரிகின்றது. அதில் ஒருபோதும் பெற்றோலை ஊற்றலாகாது. சோழகக் காற்று வீசும் மாதங்களில் கடலோரத்திலே தகட்டு மறைப்பின்றிச் சுவாலை நில்லாது. எனினும் எண்ணெய்க் கலத்தையும் சேர்த்து மூடிவிட்டால் அது சூடேறி வெடிக்கக்கூடும். மூடிய கூடாரத்தினுள் அடுப்பெரித்தால், மணமற்ற காபனோரொட்சைட்டு வாயு உறங்குவோரின் உயிரைப் போக்கும்.

விறகே விருப்பமாயின், பனங்காணியில் விழுந்து கிடக்கும் பாளை, கங்குமட்டை, ஊமல் ஆகியவற்றைக் காணிக்காரரின் இசைவு பெற்றுப் பொறுக்கலாம். பன்னாடை விரைவிற் பற்றும். காய்ந்த காவோலை தொங்கும் பனையின் கீழே அடுப்பு மூட்டலாகாது. ஒரு பொறியே தோப்பை எரித்துவிடும்.

குழி தோண்டி அடுப்பமைத்தல் பழைய வழக்கமாயினும், இங்கே அதனைக் கைவிடுதல் நலம். 2009இல் முடிவுற்ற போரின்போது புதைக்கப்பட்ட கண்ணிவெடிகளை அகற்றப் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. முகமாலைப் பகுதி பெரிதும் பாதிக்கப்பட்டதாகும். மண்டையோட்டுக் குறியிட்ட பலகையைக் கடந்து செல்லலாகாது. மக்கள் நடமாடாத பற்றைகளுள் விறகு தேடி நுழைவதும், இனந்தெரியாத இரும்புப் பொருளைத் தொடுவதும் தகா. ஊரவரிடம் இடம் கேட்டறிந்து, தரைமேல் மூன்று கல் வைத்துச் சமைப்பதே அறிவுடைமை.

புறப்படுமுன் தணலை மணலால் மூடிவிட்டுச் செல்வது போதாது. மணலின் கீழே அது நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். வெறுங்காலுடன் வரும் சிறுவன் அதில் மிதிக்கவும் கூடும். புட்டவித்து எஞ்சிய உவர்நீரை அதன்மேல் ஊற்றிக் கிளறுக. குடிக்க உதவாத நீரும் இவ்வாறு இருமுறை பயன்படும். நீரருமை அறிந்த நாட்டில் வழிப்போக்கன் கற்றுக்கொள்ளும் பாடம் இதுவேயாகும்.