கலங்காத குப்பி

சாம்பாரில் உப்பு மிகுந்தால் நாக்கு சொல்லிவிடும்; தையல் கோணினால் துணியே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இரத்தக் குழாயிலோ முதுகுத்தண்டின் அருகிலோ செலுத்துவதற்கான மருந்தைக் கலப்பவருக்கு அத்தகைய சாட்சி கிடையாது; கிருமி புகுந்த குப்பியும் புகாத குப்பியும் ஒரே தெளிவோடு அவர் எதிரே நிற்கும். நம் ஊர் டாக்டரிடம் இருந்த கம்பவுண்டர் சீசாவில் மிக்ஸ்சர் ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காகிதம் வெட்டி ஒட்டிக் கொடுத்தபோது, அதில் ஏதேனும் தூசு விழுந்திருந்தாலும் இரைப்பையின் அமிலம் ஓரளவு காவல் காத்தது. ஊசியோ அந்தக் கோட்டைகளையெல்லாம் கடந்து நேரே உள்ளே சென்றுவிடுகிறது.

இதன் விபரீதம் 2012-ல் அமெரிக்காவில் பிரத்தியட்சமாயிற்று. மாஸசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் ஒரு மருந்தகம் தயாரித்தனுப்பிய ஸ்டீராய்டு ஊசி மருந்தில், புல்லிலும் மண்ணிலும் வாழும் ஒரு பூஞ்சணம் கலந்திருந்தது. முதுகுவலி தீரவேண்டும் என்ற ஒரே ஆசையோடு ஊசி போட்டுக்கொண்டவர்கள் மூளையுறை அழற்சியால் வீழ்ந்தார்கள். மறு ஆண்டு அரசாங்கம் வெளியிட்ட கணக்கின்படி 20 மாநிலங்களில் 753 பேர் நோயுற்றனர், 64 பேர் மாண்டனர். நீராவியில் வைக்கவேண்டிய நேரம் வைக்கவில்லை, சோதனையின் முடிவு வரும்வரை பொறுக்கவில்லை என்பவை விசாரணையில் தெரியவந்தவை. அவசரத்தைவிடக் கொடிய கிருமி இத்தொழிலில் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகையால் அந்நாட்டில் இப்பணிக்கு வருபவருக்குப் போதிக்கும் முதல் வித்தை நிதானம். நகைகளையும் முகப்பூச்சையும் களைந்து, முழங்கைவரை அரை நிமிஷமாவது சோப்பிட்டுக் கழுவி, தலையுறை, முகமூடி, அங்கி என்று முறைப்படி தரித்து, கிருமி நீக்கிய கையுறை அணிந்தபின், விரல் நுனிகளைக் கிருமி வளர்க்கும் அகார் தட்டில் அழுத்தச் சொல்கிறார்கள். புதியவர் மூன்று முறை இவ்வாறு செய்து, மூன்றிலும் ஒரு கிருமித் திட்டுகூட முளைக்காமல் இருந்தாலன்றி மேலே செல்ல அனுமதி இல்லை. வடிகட்டியிலிருந்து இடைவிடாமல் வீசும் தூய காற்றுக்கும் ஊசி முனைக்கும் நடுவே தம் கையே குறுக்கிடாதபடி சிரிஞ்சைப் பிடிப்பதுதான் இதில் மிகக் கடினமான அப்பியாசம். ஏனெனில் காற்றின் ஓட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை, பழகிய கையோ தன் சௌகரியத்தையே நாடும்.

இவ்வளவுக்கும் பிறகு வருவது சத்துநீர்ப் பரீட்சை. மருந்துக்குப் பதிலாகக் கிருமிகள் விரும்பி உண்ணும் சத்துநீரைக் கொடுத்து, உண்மையான மருந்தைக் கலப்பதுபோலவே எல்லாக் கிரியைகளையும் செய்வித்து, அந்தக் குப்பிகளை இளஞ்சூட்டில் 14 நாட்கள் வைத்திருக்கிறார்கள். கை எங்கேனும் பிசகியிருந்தால், அன்று புலப்படாத பிழை பெருகிப் பெருகிக் குப்பி கலங்கிவிடும். நாக்கும் கண்ணும் சொல்ல இயலாததைச் சத்துநீர் சொல்லிவிடுகிறது. இப்பரீட்சையை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனெனில் இங்கே தவறுக்குத் தண்டனை பெறுவது நோயாளி அல்ல.

ஒருமுறை தேறிவிட்டவருக்கும் விடுதலை இல்லை. 2023 நவம்பரில் அமலுக்கு வந்த திருத்திய விதிகளின்படி, இருபது வருஷம் இதே மேஜையில் வேலை பார்த்தவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அதே சத்துநீரின் முன் உட்கார்ந்து, தாம் கலந்த குப்பி தெளிந்தே இருக்கிறதா என்று பதினான்கு நாட்கள் காத்திருக்க வேண்டும்.