கோடை விடுமுறையில் குடும்பத்தோடு எங்கே போகலாம்?
நம் கடற்கரை ஊர்களின் விழாக்களும் நிகழ்வுகளும்

 

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "வாப்பா, இந்த லீவுக்கு எங்கே போறோம்?" என்பதுதான். வாப்பா வெளிநாட்டில் இருந்தால் அதே கேள்வி வாட்ஸ்அப்பில் போகிறது. வசதி உள்ளவர்கள் கொடைக்கானலுக்கு வண்டி பேசுகிறார்கள். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் ஒன்றரை மாதத்தைக் கைப்பேசியோடு கழிக்கிறார்கள். ஒரே தெருவில் வாழ்ந்து ஒரே மக்தபில் ஓதும் பிள்ளைகள்தான் இவர்கள். ஜூனில் பள்ளி திறந்து, "விடுமுறையில் எங்கே போனீர்கள்?" என்று ஆசிரியர் கேட்கும்போது சிலர் கையைத் தூக்குகிறார்கள், சிலர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

அப்படித் தலைகுனிய வேண்டியதில்லை. தூத்துக்குடியிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்தில், பேருந்துக் கட்டணமும் ஒரு தூக்குச்சட்டிச் சோறும் இருந்தால் போதும் என்ற அளவில், குடும்பத்தோடு போக எத்தனையோ நிகழ்வுகள் இருக்கின்றன. எது எப்போது நடக்கிறது, எப்படிப் போவது, எதில் கவனமாக இருப்பது என்பதை இந்த இதழில் தொகுத்துத் தருகிறோம்.

மார்க்கம் மகிழ்ச்சியைத் தடுக்கவில்லை

"விழா, விளையாட்டு என்று பெண்டு பிள்ளைகளோடு போகலாமா?" என்று சில தாய்மார்கள் எங்களிடம் கேட்பதுண்டு. பெருநாள் அன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டி விளையாட்டு ஆடியதையும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் போதும் என்று சொல்லும் வரை நபி (ஸல்) அவர்கள் தம் தோளுக்குப் பின்னால் அவரை நிற்கவைத்துக் காட்டியதையும் நாம் ஹதீஸ்களில் படித்திருக்கிறோம். தொழுகை தவறாமல், வீண் விரயம் இல்லாமல், ஒழுக்கக் குறைவான காட்சிகள் இல்லாமல் இருந்தால், குடும்பத்தோடு மகிழ்ந்திருப்பதும் நல்ல காரியமே.

முத்துக்குளிப்பு: அந்தக் காலத்துக் கோடைக் கூட்டம்

கோடையில் கடற்கரையில் கூடுவது நம் பகுதிக்குப் புதிதல்ல. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று எழுவதற்கு முன் உள்ள மார்ச் முதல் மே வரையான நாட்களில்தான் மன்னார் வளைகுடா அமைதியாக இருக்கும். அடித்தளம் தெளிவாகத் தெரியும். முத்துக்குளிப்பு அப்போதுதான் நடந்தது. பரதவர்களும் காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்களும் ஒரே கடலில் குளித்தார்கள். குளியாளி கல்லைக் கட்டிய கயிற்றைப் பிடித்து இறங்கி, ஒரு மூச்சு தாங்கும் நேரத்துக்குள் சிப்பிகளைப் பையில் அள்ளிக் கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார். கரையில் சிப்பி ஏலம் நடக்கும். ஓலைக்கொட்டகைகளில் கடைகள் முளைக்கும். வெறும் மணலாக இருந்த இடம் சில வாரங்களுக்கு ஓர் ஊராகவே மாறிவிடும்.

தூத்துக்குடியில் கடைசியாக 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. அதன்பின் பார்களில் சிப்பி வளம் குன்றியதால் நின்றுவிட்டது. 1973-இல் தூத்துக்குடியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் சிப்பியில் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். உங்கள் குடும்பத்தில் 75 வயது தாண்டிய பெரியவர் இருந்தால், இந்த விடுமுறையில் பிள்ளைகளை அவர் பக்கத்தில் உட்காரவைத்து அந்த நாட்களைக் கேட்கச் சொல்லுங்கள். நேரில் கண்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். செலவில்லாத நிகழ்ச்சி இது; தள்ளிப்போட்டால் திரும்பக் கிடைக்காது.

மே மாதத்து மைதானங்கள்

காயல்பட்டினத்தில் ஐக்கிய விளையாட்டுச் சங்கம் நடத்தும் மவ்லானா அபுல் கலாம் ஆஸாத் நினைவு அகில இந்தியக் கால்பந்துப் போட்டி மே மாதத்தில் நடப்பது வழக்கம். நாட்டின் முதல் கல்வி அமைச்சர் பெயரால் நம்மவர்கள் பல பத்தாண்டுகளாக நடத்திவரும் போட்டி இது. வெளி மாநில அணிகளும் வந்து ஆடுகின்றன. வெளிநாட்டிலிருந்தும் சென்னையிலிருந்தும் விடுமுறைக்கு வந்தவர்கள் பழைய நண்பர்களைச் சந்திக்கும் இடமாகவும் அந்த மைதானம் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர்ப் பேருந்தில் வரலாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு ரயில் உண்டு, காயல்பட்டினத்தில் நிற்கும்.

கோவில்பட்டியில் மே, ஜூன் மாதங்களில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கிறது. செயற்கைப் புல் மைதானத்தில் பெரிய பெரிய நிறுவனங்களின் அணிகள் ஆடுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் கோவில்பட்டிக்காரர் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நம் மாவட்டத்திலிருந்தும் அவ்வளவு தூரம் போகலாம் என்பது அவர்கள் மனதில் பதியும்.

பார்ப்பதோடு நிற்காமல் ஆடவும் வழி உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஒவ்வொரு மாவட்டத்திலும் கோடைகாலப் பயிற்சி முகாம் நடத்துகிறது. அறிவிப்பு ஏப்ரலில் நாளிதழ்களில் வரும். ஆண், பெண் பிள்ளைகள் இருபாலருக்கும் இடம் உண்டு. ஆதார் நகலும் பிறப்புச் சான்றும் முன்பே எடுத்து வையுங்கள்.

புத்தகத் திருவிழாவும் கலை விழாவும்

தூத்துக்குடியில் மாவட்ட நிர்வாகம் புத்தகத் திருவிழா நடத்துகிறது. 2022 ஜூலையில் 'நெய்தல்' என்ற பெயரில் கலை விழாவும் தொடங்கியது. பறை, கரகம், ஒயில் போன்ற ஆட்டங்களோடு பல ஊர் உணவுகளும் ஒரே இடத்தில் கிடைத்தன. தேதியும் இடமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. கிளம்புமுன் செய்தித்தாளையோ மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பையோ பார்த்துக்கொள்ளுங்கள்.

புத்தகத் திருவிழாவுக்கு எங்கள் யோசனை ஒன்று: இன்றே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் உண்டியல் வாங்கிக் கொடுங்கள். பெருநாள் காசிலிருந்து ஒரு பங்கு அதில் விழட்டும். திருவிழா அன்று உண்டியலை உடைத்து, தன் காசில் தானே தேர்ந்தெடுத்த புத்தகத்தைப் பிள்ளை பத்திரமாக வைத்துக்கொள்ளும்.

ஒரு நாள் பயணங்கள்

* ஆதிச்சநல்லூர்: திருநெல்வேலி – திருச்செந்தூர் சாலையில் உள்ளது. 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் இங்கே தோண்டினார்கள். குழிகளுக்கு மேல் கண்ணாடித் தளம் அமைத்து, முதுமக்கள் தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கும்படி செய்திருக்கிறார்கள்.
* கொற்கை: பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயலும் குளமுமாக இருக்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம்.
* எட்டயபுரம்: பாரதி பிறந்த ஊரும் மணிமண்டபமும்.
* தூத்துக்குடி நகரம்: முத்துநகர் கடற்கரை, ரோச் பூங்கா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் வரிசையாகக் கரையில் நிற்கும். மீன் இனப்பெருக்கத்துக்காக இந்தத் தடை என்று சொல்லிக்கொடுங்கள்; மீன் விலை ஏன் ஏறியது என்பதும் அவர்களுக்குப் புரியும்.

கொடைக்கானலோ ஊட்டியோதான் போவது என்று முடிவு செய்தவர்கள், 2024 மே 7 முதல் அங்கே இ-பாஸ் நடைமுறை வந்திருப்பதை மறக்க வேண்டாம். குற்றாலத்துக்கு மே மாதத்தில் அவசரப்பட வேண்டாம். சீசன் ஜூனில்தான் தொடங்கும்.

அண்டை வீட்டார் விழாக்கள்

வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூரில் பெருங்கூட்டம் கூடும். அன்று அந்தச் சாலையில் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். பாதயாத்திரை போகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். தாகத்துக்கு மதம் இல்லை. தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத் திருவிழா ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் நிறைவடையும். அந்நாட்களில் நகரமே கடைவீதியாக இருக்கும். பள்ளியிலும் துறைமுகத்திலும் நம்மோடு இருக்கும் நண்பர்களின் பெரிய நாள் அது. நம் பெருநாளுக்கு அவர்கள் வாழ்த்துவது போல நாமும் அன்போடு நடந்துகொள்வது நம் கடமை.

பெருநாள் இப்போது விடுமுறையில் வருகிறது

ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட 10 அல்லது 11 நாள் குறைவு. அதனால் நம் மாதங்கள் ஆண்டுதோறும் முன்னே நகர்கின்றன. ஏறக்குறைய 33 ஆண்டுகளில் ஒரு சுற்று முடிகிறது. 2018, 2019 ஆண்டுகளில் ரமலான் மே, ஜூனில் வந்தது; விடுமுறை நோன்பிலும் தராவீஹிலும் கழிந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் 2024-இல் ஜூன் 17, 2025-இல் ஜூன் 7 என்று நகர்ந்து, 2026 முதல் சில ஆண்டுகள், பிறையைப் பொறுத்து, மே மாதத்தில் வரும். குர்பானி இறைச்சியைப் பங்கிடப் பிள்ளைகளை அனுப்புவதும், மாலையில் வாடாவும் தம்மடையும் கட்டிக்கொண்டு எல்லோரும் கடற்கரையில் கூடுவதும் இந்தச் சில ஆண்டுகளில் விடுமுறையோடு சேர்ந்தே அமையும். இந்தச் சுற்று முடிவதற்குள் இன்றைய பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள்.

கடலில் கவனம்

இதைத் தயவுசெய்து வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

2024 மே 6 அன்று குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். அப்போது 'கள்ளக்கடல்' எச்சரிக்கை அமலில் இருந்தது. கள்ளக்கடல் என்றால் என்ன? தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் பலத்த காற்று எழுப்பும் நீண்ட அலைகள் சில நாட்கள் பயணம் செய்து நம் கரையை எட்டுகின்றன. இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. கடல் அமைதியாக இருப்பது போலவே தோன்றும். திடீரென்று நீர் ஏறிவிடும். ஏப்ரல், மே மாதங்களில், அதாவது சரியாக நம் விடுமுறையில், இது அதிகம். ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. செய்தியில் அந்தச் சொல்லைக் கேட்டால் அன்று பிள்ளைகளைத் தண்ணீரில் கால் நனைக்கவும் விடாதீர்கள்.

இன்னொன்று இழுவை நீரோட்டம். அலை கொண்டுவந்த நீர் திரும்பக் கடலுக்குள் போகும் பாதை அது. சுற்றிலும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாகத் தெரியும். பாதுகாப்பான இடம் என்று நினைத்துப் பிள்ளைகள் அங்கேதான் இறங்குவார்கள். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. களைப்புதான் ஆளைக் கொல்கிறது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவையை விட்டு விலகிய பின் கரைக்குத் திரும்ப வேண்டும். காப்பாற்ற ஓடுபவரும் வெறுங்கையோடு குதிக்கக் கூடாது. கயிறு, காலி பிளாஸ்டிக் கேன், மிதக்கும் எதையாவது வீசுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093, ஆம்புலன்ஸ் 108.

கடற்கரையில் ஐந்து பிள்ளைகள் இருந்தால், பேச்சிலும் கைப்பேசியிலும் ஈடுபடாமல் தண்ணீரை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவர் வேண்டும். அரை மணிக்கு ஒருவராக முறை வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன்

* கத்திரி வெயிலில் பகல் 11 மணி முதல் 4 மணி வரை வெளியே அலைய வேண்டாம். அஸருக்குப் பின் கிளம்புவது நல்லது.
* மே நடுவில் நம் பகுதியில் மஃக்ரிப் சுமார் 6:30-க்கு. நிகழ்ச்சி இடத்துக்கு அருகில் பள்ளிவாசல் எங்கே, பெண்களுக்குத் தொழ இடமும் கழிப்பறையும் உண்டா என்று முன்பே விசாரியுங்கள். பல உம்மாமார்கள் வீட்டிலேயே தங்கிவிடுவதற்கு இந்த இரண்டும் இல்லாததே காரணம்.
* தண்ணீரும் சோறும் வீட்டிலிருந்து எடுத்துச் செல்லுங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.
* சிறு பிள்ளைகளின் சட்டைப்பையில் தொலைபேசி எண் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வண்டியில் ஓர் இடம் மிச்சம் இருந்தால், வாப்பா இல்லாத வீட்டுப் பிள்ளை ஒன்றையும், உப்பளத்துக்கு வேலைக்குப் போகும் தாயின் பிள்ளை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோடைதான் உப்பு விளையும் காலம். அந்தத் தாய்க்கு விடுமுறை கிடையாது. "தர்மத்துக்குக் கூட்டிப்போகிறோம்" என்று சொல்லாமல், "எங்கள் பிள்ளைக்குத் துணை வேண்டும், அனுப்புங்கள் லாத்தா" என்று கேளுங்கள். இதற்கு ஸகாத் பணத்தை எடுக்க வேண்டாம். அதற்கு உரியவர்கள் வேறு. ஸதகாவிலிருந்து செய்யுங்கள். ஜூனில் ஆசிரியர் கேட்கும்போது அந்தப் பிள்ளையும் கையைத் தூக்கட்டும்.

அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானவையாகவும், நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாகவும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.