வாயிற்காவலுக்கு விலை என்ன?

இரவு இரண்டு மணிக்குத் தெருவில் விசில் ஊதிக்கொண்டும், கைத்தடியால் விளக்குக் கம்பத்தைத் தட்டிக்கொண்டும் செல்லும் கூர்க்காவை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மாத முதல் வாரத்தில் வீட்டு வாயிலில் வந்து நிற்பார். கொடுத்ததை வாங்கிக்கொண்டு சலாம் வைத்துச் செல்வார். ரசீதும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. இன்று மும்பையின் புறநகர்களில் அவரிடத்தைச் செக்யூரிட்டி ஏஜென்சிகள் பிடித்துக்கொண்டுவிட்டன. நாடெங்கும் கிளைகளுடைய பெரிய கம்பெனியும் வருகிறது. பக்கத்துத் தெருவில் ஒற்றை அறையில் அலுவலகம் வைத்திருப்பவரும் வருகிறார். இருவர் தரும் விலைப்பட்டியல்களுக்கும் இடையே சில வேளைகளில் பாதிக்குப் பாதி வேறுபாடு இருக்கக் காண்கிறோம். குறைந்த விலையே கொள்ளத்தக்கது என்று சொசைட்டிக் கூட்டங்களில் உடனே கைகள் உயர்கின்றன. உயர்ந்த கைகளுள் என் கையும் ஒன்றாக இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் கட்டடத்தில் இருபத்து நான்கு வீடுகள். பொருளாளர் பொறுப்பு என் தலையில் விழுந்த ஆண்டில், விலை குறைவு என்பதற்காகவே உள்ளூர் ஏஜென்சி ஒன்றை அமர்த்தினோம். அதன் உரிமையாளர் நல்ல பேச்சுக்காரர். நள்ளிரவில் அழைத்தாலும் தாமே ஸ்கூட்டரில் வந்து நிற்பார். குறை சொல்ல ஒன்றுமில்லை என்றே எண்ணியிருந்தோம். ஒருநாள் பகற்காவலர், ஜோன்பூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர், என்னிடம் வந்து, தம் குழந்தைக்கு மருத்துவமனையில் சேர்க்கவேண்டிய காய்ச்சல் என்றும், ஈ.எஸ்.ஐ. அட்டை கேட்டால் ஏஜென்சியில் "அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள் என்றும் கூறினார். எங்களுக்கு மாதந்தோறும் வரும் பில்லில் ஈ.எஸ்.ஐ. என்று ஒரு வரி இருந்தது. பிராவிடண்ட் பண்டு என்று இன்னொரு வரியும் இருந்தது. இரண்டுக்கும் நாங்கள் பணம் கொடுத்திருந்தோம். அவர் பெயரில் ஒரு ரூபாயும் கட்டப்படவில்லை.

அன்றுதான் காவல் விலையின் உள்கணக்கை நான் முதன்முதலாகப் போட்டுப் பார்த்தேன். அன்பர்கள் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உடன் வருவார்களாக.

எட்டு மணி நேர வேலைக்கு ஒரு காவலரின் மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பிராவிடண்ட் பண்டுக்கு முதலாளி செலுத்தவேண்டியது நிர்வாகச் செலவும் காப்பீடும் சேர்த்து 13 விழுக்காடு, அது 1,950. ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 விழுக்காடு, அது 487 ரூபாய் 50 காசு. ஆண்டு போனஸுக்காக மாதந்தோறும் ஒதுக்கவேண்டியது 8.33 விழுக்காடு, அது 1,249 ரூபாய் 50 காசு. ஆக 18,687 ரூபாய். ஏஜென்சியின் ஊதியம் பத்து விழுக்காடு என்றால் 20,556. அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.; முடிவில் நம் கையிலிருந்து போவது ஏறத்தாழ 24,256. சீருடையையும் விடுப்பு நாட்களையும் இன்னும் நான் சேர்க்கவில்லை. இவ்வளவில் காவலர் தம் பங்குப் பிடித்தங்கள் போக வீட்டுக்குக் கொண்டு செல்வது 13,087 ரூபாய் சொச்சமே!

ஆதலின், "சம்பளம் பதினைந்தாயிரம், எல்லாம் சேர்த்துப் பதினேழாயிரம்" என்று எவரேனும் பட்டியல் தந்தால், யாரோ ஒருவருடைய பங்கு நடுவே மறைந்துபோகிறது. பெரும்பாலும் அது காவலருடைய பங்கு.

சிறிய ஏஜென்சி சட்டப்படியே மலிவாக இருக்கமுடியாதா என்று கேட்கலாம். முடியும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவர் ஜி.எஸ்.டி. பதிவு செய்யவேண்டியதில்லை. பத்துப் பேருக்குக் குறைந்த நிறுவனத்துக்கு ஈ.எஸ்.ஐ. கட்டாயமில்லை, இருபது பேருக்குக் குறைந்ததற்குப் பிராவிடண்ட் பண்டும் கட்டாயமில்லை. ஆனால் மேற்சொன்ன கணக்குப்படி எட்டுக் காவலர்களை வைத்திருந்தாலே ஆண்டு வரவு 20 லட்சத்தை நெருங்கிவிடுகிறது. எங்கள் பேட்டையில் பதினைந்து கட்டடங்களுக்கு ஆள் அனுப்பும் ஒருவர் "எனக்கு ஜி.எஸ்.டி. கிடையாது" என்றால், அவர் கணக்கில் ஏதோ கோணல் இருக்கிறது.

இனி நேரக் கணக்கு. ஒரு வாயிலை இருபத்து நான்கு மணி நேரமும் காக்க, எட்டு மணி முறைக்கு மூவர் போதும் என்று தோன்றும். வாரத்தில் 21 முறைகள். ஒருவர் ஆறு நாள் வேலை செய்தால் ஆறு முறைகள். ஆகவே மூன்றரை ஆள் வேண்டும். மேற்கண்ட விலையில் மாதம் ஏறக்குறைய 85,000 ரூபாய். எங்கள் கட்டடத்தில் வீட்டுக்கு 3,500 சொச்சம். இதைத் தவிர்க்கத்தான் பன்னிரண்டு மணி முறையில் இருவரை வைத்து, விடுமுறையே இன்றி ஓட்டுகிறார்கள். எட்டு மணிக்கு மேற்பட்ட நான்கு மணி நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று கணக்கிட்டால், பன்னிரண்டு மணிக் காவலுக்குப் பதினாறு மணிக் கூலி ஆகிறது. அதைக் கொடுப்பார் அரியர். வாரம் ஏழு நாளும் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர் விடியற்காலை மூன்று மணிக்குக் கண்ணயர்ந்தால், அவரைப் படம் பிடித்து வாட்ஸப்பில் போடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் கூடவே போடலாம்.

பெரிய கம்பெனி வந்தால் எல்லாம் சரியாகிவிடுமோ? எங்கள் சொசைட்டி அதையும் பார்த்தது. பில் ஒழுங்காக வந்தது. பணம் கட்டிய சலான்கள் வந்தன. சீருடை மடிப்புக் கலையாதிருந்தது. ஆனால் ஆறு மாதத்தில் நான்கு முகங்கள் மாறின. இரண்டாம் மாடியில் தனியே இருக்கும் பாட்டியம்மாளுக்கு வாயிலில் நிற்பவர் யார் என்றே தெரியவில்லை. நிற்பவருக்கும் பாட்டியைக் காணவரும் பிள்ளை யார், பொருள் விற்க வருபவன் யார் என்று தெரியவில்லை. புகார் சொன்னால் வேறொரு நகரத்திலிருந்து ஒரு குரல் எண் ஒன்றைக் குறித்துத் தரும். முகம் அறிந்த காவல் பாதிக் காவல் என்று நான் கருதுகிறேன். அந்தப் பாதிக்குப் பட்டியலில் விலை போடப்படுவதில்லை.

ஆகவே பெரியதா, சிறியதா என்பதைவிடச் சில தாள்களைக் கேட்டு வாங்குவதே எனக்குப் பயன்பட்டது. 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, மாநில அதிகாரியின் உரிமம் இன்றி எவரும் இத்தொழிலை நடத்தலாகாது. அதற்கான 2006-ஆம் ஆண்டு மாதிரி விதிகள், புதிதாகச் சேரும் காவலருக்கு 100 மணி நேர வகுப்புப் பயிற்சியும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் வேண்டும் என்றன. உரிமத்தின் படியையும் பயிற்சிச் சான்றையும் கேட்டவுடன் சிலர் மறுபடி தொலைபேசியில் அகப்படுவதில்லை. அதுவும் ஒரு விடைதானே! மும்பை வாசிகள் மறக்கக்கூடாத இன்னொன்று, மகாராஷ்டிரத்தின் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பாதுகாவலர் வாரியம். அங்கே பதிவு பெற்ற காவலரின் ஊதியம் வாரியத்தின் வழியாகவே செல்கிறது.

கடைசியில் நாங்கள் உள்ளூர் ஏஜென்சி வேறொன்றோடு ஒப்பந்தம் செய்தோம். சென்ற மாதத்து ஈ.எஸ்.ஐ., பிராவிடண்ட் பண்டு சலான்களில் எங்கள் காவலர்களின் பெயரைக் கண்ட பின்னரே இந்த மாதத்து பில் கொடுக்கப்படும் என்று ஒரு விதி எழுதினோம். ஜோன்பூர்க்காரரையே அமர்த்தவேண்டும் என்பது இரண்டாவது விதி. வீட்டுக்கு மாதம் ஓராயிரத்துக்கும் மேல் கூடியது. கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஒருவர் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஆளுக்குப் பதில் காமிரா போதும் என்பாரும் உளர். காமிரா கண்டதைச் சொல்லும்; வந்தவனைத் தடுக்காது. வாங்குவதானால், 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேறியதா என்று கேட்டு வாங்குக. நகைக்கு அஞ்சுவோர்க்கு வங்கி லாக்கர் நல்லது. தீ, திருட்டு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால், ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்கவேண்டும் என்ற விதி 2022 ஜனவரி முதல் உள்ளது. ஆனால் வீட்டுக் காப்பீடு இருக்கிறதே என்று திருட்டுக்கு அஞ்சாதிருக்கவேண்டாம். 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா என்னும் பாலிசி, தீ முதலிய விபத்தை அடுத்த ஏழு நாட்களுக்குள் நடக்கும் திருட்டுக்கே ஈடு தருகிறது. பூட்டை உடைத்து நடக்கும் களவுக்குத் தனிப் பாலிசி வேண்டும்.

கோடை விடுமுறை வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் நம் வீடுகளில் பாதி பூட்டியிருக்கும். திருநெல்வேலிக்கும் தஞ்சைக்கும் குடும்பத்தோடு புறப்பட்டுவிடுவோம். அதே மாதங்களில்தான் காவலர்களின் ஊரிலும் கல்யாணங்கள் நடக்கின்றன. அவரும் நம்மைப்போல் ரயில் டிக்கெட்டுக்கு அலைகிறவரே. அவர் எந்தத் தேதியில் போகிறார், மாற்றாக வருபவர் யார் என்பதை மார்ச்சு மாதத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றாள் வந்ததும் ஒருநாள் அவரை மாடிமாடியாக அழைத்துச் சென்று, எந்த வீடு பூட்டியது, எதில் முதியவர் தனியே இருக்கிறார் என்று காட்டிவிட்டுப் புறப்படுங்கள்.